ஒற்றைப்படை

துளைகளை எண்ணு என்பதுதான் முதல் பாடம்.
இரட்டைப்படை வந்தால்
புகுந்தது புறப்பட்டுப் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்,
அதுவும் நிச்சயமில்லை.
ஒற்றைப்படை என்றால் உள்ளே இருக்கிறது.
தேடு.

நஜஃப்கர் பக்கமிருந்து வந்தது கார்.
பானட்டில் சாமந்தி, பின்கண்ணாடியில்
தெர்மாக்கோலில் வெட்டிய மணமக்கள் பெயர்.
வழியில் இரண்டு நர்சிங் ஹோம்கள்
'போலீஸ் கேஸ்' என்று கதவுக்குள்ளிருந்தே கையசைத்தனவாம்.
ஐம்பது நிமிடம்.
எங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் பொன்னான ஒரு மணியில்
மிச்சம் பத்து.

பெயர் பிர்ஜேஷ். வயது பத்தொன்பது.
மாப்பிள்ளை ஊர்வலத்தில் தலையில் விளக்கு சுமப்பவன்.
இரவுக்கு நானூறு ரூபாய், சாப்பாடு தனி.
'பானி' என்றான் என்னிடம்.
கொடுக்க முடியாத ஒன்றைத்தான்
எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்.

சட்டையைக் கத்தரித்தேன்,
துளையைச் சுற்றி, துளை வழியாக அல்ல.
அது நாளை சாட்சி சொல்லவேண்டிய துணி.
இடது அக்குளுக்குக் கீழே ஒரு மிளகு அளவு.
ஓரத்தில் சிராய்த்த வளையம்.
ரத்தம்கூட அதிகமில்லை வெளியே.
நான்கு பேர் சேர்ந்து மரக்கட்டையைப் போல் புரட்டினோம்,
முதுகு, இடுப்பு, பிட்டம், தொடை மடிப்பு,
முடிக்குள் விரல் விட்டுத் தலை.
ஒன்றுதான்.
ஒன்றேதான்.

டாக்டர் லால்ரெம்புயி விலா இடுக்கில் குழாய் செருகியதும்
ஜாடியில் கோடுகள் ஒவ்வொன்றாய் முழுகின.
ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு.
நான் சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தேன்
பால் கணக்கு சொல்வதுபோல.
பிறகு நெஞ்சைத் திறந்தார்கள்.
அவள் உள்ளங்கைக்குள் அது
நிறைய ஒன்றுமில்லாமல்
சுருங்கியது, சுருங்கியது,
நிரம்பவே இல்லை.

ஒன்று இருபதுக்கு நேரம் சொன்னாள்.
எழுதினேன்.

வெளியே காவிப் பகடி கட்டிய ஒருவர்
குர்தாக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியபடி நின்றிருந்தார்.
மணமகனின் தாய்மாமன்.
'என் ரத்தம் எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும்' என்றார்.
நீட்டியது வலது கை.
கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
சவ்வுபோன்ற அந்த இடத்தில்
கரி. ஒரு சின்னக் கீறல்.
நாட்டுத் துப்பாக்கி பின்னாலும் கொஞ்சம் கக்கும்.
அவர் கண் என் முகத்தில் இருந்தது,
என் கண் அவர் கையில்.
நடுவில் என் விரலிடுக்கில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு.

நான் துடைக்கவில்லை.
'கையைக் கழுவவேண்டாம், இங்கேயே உட்காருங்கள்' என்றேன்.
உட்கார்ந்தார்.
வாசல் கான்ஸ்டபிளை அழைக்கப் போய் நான் திரும்பும்வரை
அந்தக் கையை மடியில்
வேறு யாருடையதோ போல
வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிணவறை ஜூனியர் போன் செய்தான்.
தோலில் இருக்கும் துளைக்கு
மூன்று விரல்கடை கீழே இருக்கிறது சட்டைத் துளை,
பொருந்தவே மாட்டேன் என்கிறது, ஏன் அக்கா?
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
ஸ்டேஷன் நடுவில்
இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன்.
சட்டை ஏறியது.
அக்குள் திறந்தது.

'கையைத் தூக்கி வைத்துப் பார்' என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'பொருந்துகிறது' என்றான்.

பொருள்களின் பட்டியலில் எழுதியவை:
செருப்பு ஒன்று,
ஜெனரேட்டர் ஒயரின் துண்டு,
கூட்டத்தில் வாரியிறைத்ததில் பொறுக்கியிருப்பான்,
பத்து ரூபாய்ப் புதுத்தாள்கள் ஏழு.
எங்கள் பக்கம் மொய்யை
ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள்,
மிச்சமில்லாமல் பிரிந்துவிடக் கூடாது என்பார்கள்.

அவன் போன் மட்டும்
உறைக்குள் போட்ட பிறகும் அடித்தது.
கான்ஸ்டபிள் ஸ்பீக்கரில் போட்டார்.
விளக்குக் கான்ட்ராக்டர்.
ஏழாம் நம்பர் விளக்கு இன்னும் வந்து சேரவில்லை,
உடைத்துவிட்டானா என்று கேட்டார்.